சோனாகாச்சியில் அழித்த மூன்று படங்கள்

2019 ஆகஸ்ட் கடைசியில் வேலை விஷயமாகக் கொல்கத்தாவில் இருந்தேன். துர்கா பூஜைக்கு இன்னும் ஐந்தாறு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சிலை செய்கிற குமார்துலிக்குப் போனேன். வைக்கோல் கட்டி, மேலே களிமண் அப்பி, இன்னும் முகம் வைக்காத துர்கைகள் சந்து முழுக்க நின்றிருந்தன. மண் பிசைந்துகொண்டிருந்த பெரியவர் ஒரு விஷயம் சொன்னார். உடம்பை விற்றுப் பிழைக்கும் பெண்ணின் வாசல் மண்ணில் ஒரு பிடி சேர்த்தால்தான் சிலைக்குப் புனிதமாம், பரம்பரை வழக்கமாம். அந்த வாசல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "பக்கத்துல சோனாகாச்சி. நடந்தே போயிடலாம்" என்றார்.

அப்படித்தான் அந்தத் தெருவுக்குள் நுழைந்தேன். மணி பதினொன்று இருக்கும். மனதில் இருந்த இருட்டும் கலர் விளக்கும் அங்கே இல்லை. நம் ஊர் அரிவாள்மணை போலவே ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு அம்மா ரோகு மீன் நறுக்கிக்கொண்டிருந்தார். படிக்கட்டில் ஒரு பையன் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தான். வாசல்களில் சில பெண்கள் காலையிலேயே பவுடர் பூசி நின்றார்கள். நான் ஃபோனை எடுத்தேன். குமார்துலியில் நூறு படம் எடுத்த கை, நிற்கவில்லை.

மூன்றாவது படம் எடுக்கும்போது ஃபோனுக்கு முன்னால் ஒரு உள்ளங்கை வந்தது. ஐம்பது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. சத்தம் போடவில்லை. "காட்டு" என்றார், இந்தியில். காட்டினேன். "அழி." அழித்தேன். "அழிச்சது இன்னொரு இடத்துல போய் உட்காந்திருக்கும். அங்கேயும் அழி." அதையும் திறந்து, ஒவ்வொன்றாக அழித்து முடிக்கும்வரை என் தோளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். காதெல்லாம் சூடாகிவிட்டது. "மன்னிச்சிடுங்க தீதி" என்றேன். அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அப்புறம் அவரே மண் குவளையில் டீ வாங்கிக் கொடுத்தார். மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், தான் சமையல் வேலை செய்வதாகவே ஊரில் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள் என்றார். "நீ எடுத்த படம் எங்க போய் நிக்கும்னு உனக்குத் தெரியுமா?" எனக்குப் பதில் இல்லை.

பேச்சு பணத்துக்கு வந்தபோது ஒரு பாஸ்புக்கை எடுத்துக் காட்டினார். உஷா கூட்டுறவுச் சங்கத்துடையது. முகவரிச் சான்று இல்லாததால் எந்த வங்கியும் கணக்குத் தராமல், இவர்கள் வட்டிக்காரர்களிடம் மாட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1995-ல் அந்தப் பெண்களே சேர்ந்து தொடங்கிய சங்கம் இது. பதிவு செய்யப் போனபோது 'நன்னடத்தை' விதி குறுக்கே நின்றது. 'இல்லத்தரசி' என்று போட்டுக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னார்களாம். மறுத்துவிட்டார்கள். கடைசியில் தொழிலை மறைக்காமலே பதிவு ஆனது. அந்த ஆண்டிலேயே துர்பார் என்ற அவர்களுடைய அமைப்பும் உருவானது. இதற்கெல்லாம் ஆரம்பம் 1992-ல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா அங்கே நடத்திய எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம். வெளியாட்களை அனுப்பி உபதேசம் செய்யாமல், அந்தப் பெண்களையே பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பினார். 2021-ல் கொரோனாவில் இறந்துபோனார். செய்தி பார்த்ததும் எனக்கு அந்தப் பாஸ்புக்தான் கண்ணில் வந்தது.

அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஏமாற்றி விற்கப்பட்டு வந்து சேர்ந்தவர்களும் அந்தச் சந்துகளில் உண்டு. அதை மறந்துவிட்டுப் பேசுவது அநியாயம். ஆனால் அதைக் காட்டுவதாகச் சொல்லி முகங்களைப் படம்பிடிப்பதும் அநியாயம்தான். 1999-ல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்ட வழக்கிலிருந்து கிளைத்த விசாரணையில், 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சில உத்தரவுகள் போட்டது. அதில் ஒன்று, சோதனை, மீட்பு என்று எது நடந்தாலும் ஊடகங்கள் இந்தப் பெண்களின் அடையாளத்தையோ படத்தையோ வெளியிடக் கூடாது என்பது. தீதி எனக்குத் தெருவில் வைத்துச் சொன்னதும் அதுதான்.

போன வருடம் ஆம்ஸ்டர்டாம் போயிருந்தேன். டி வாலன் என்ற பாலியல் தொழில் பகுதியில், பழைய தேவாலயத்தைச் சுற்றியே பெண்கள் நிற்கும் கண்ணாடி ஜன்னல்கள். விபச்சார விடுதிகள் மீதான தடை அங்கே 2000-லேயே நீங்கிவிட்டது. ஆனாலும் ஜன்னலில் நிற்கும் பெண்ணைப் படம் எடுக்கக் கூடாது. வழிகாட்டியோடு கூட்டம் கூட்டமாக வந்து ஜன்னல்களை வேடிக்கை பார்ப்பதையும் 2020-ல் தடை செய்துவிட்டார்கள். ஃபோனைப் பையிலிருந்து எடுக்காமலே நடந்து வந்தேன்.

சோனாகாச்சியில் கிளம்பும்போது, மண் கேட்டு யாராவது வருவார்களா என்று தீதியிடம் கேட்டேன். "வருவாங்க. வாசல் மண்ணைக் கையேந்தி வாங்கிட்டுப் போவாங்க. அந்தப் பந்தலுக்கு நாங்க போனா ஒதுங்கி நில்லுன்னு சொல்வாங்க" என்றார். அதனால்தான் 2013-ல் இவர்களே பூஜை தொடங்கினார்கள். அதற்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. "அக்டோபர்ல வா. எங்க துர்கா முகத்தை எத்தனை படம் வேணும்னாலும் எடுத்துக்கோ."

அந்த அக்டோபரில் நான் சென்னை திரும்பியிருந்தேன். இன்னும் போகவில்லை.