போனும் பெரியவர்களும்: மறக்க முடியாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

கடைக்குட்டி:

அப்பாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்த கதை எல்லார் வீட்டிலும் இருக்கும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். தன் நண்பருக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார். மனப்பாடமாகத் தெரிந்த எண்தான். 4 விழுகிறது, 7 விழவில்லை, மறுபடி தட்டினால் இரண்டு 7 விழுகிறது, அழிக்கப் போனால் அழிக்கிற பொத்தானும் கேட்க மாட்டேன் என்கிறது. நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்துகிறார். நான் குனிந்து அதே 7-ஐ லேசாகத் தொட்டேன், டக்கென்று விழுந்தது. என் விரலைப் பார்த்தார், தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், "ஏன்டா, நான் உயிரோடதானே இருக்கேன்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவராக யாருக்கும் எண் போடுவதில்லை, "அவனுக்கு ஒரு போன் போட்டுக் குடு" என்று நீட்டிவிடுகிறார். சோம்பல் என்கிறாள் தங்கை. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இரவுப்பணி:

சோம்பலே இல்லை, தோல்தான் காரணம். இந்தத் திரைகள் அழுத்தத்தை அளப்பதில்லை, விரல் பட்டதும் அந்த இடத்தில் மின்புலம் கொஞ்சம் மாறுகிறதே, அதைத்தான் பார்க்கின்றன. வயதாக ஆகத் தோலில் ஈரம் குறைகிறது. காய்ந்த விரல், அதிலும் காய்ப்புக் காய்த்த விரல் என்றால், அந்த மாற்றம் போதுமான அளவுக்கு இருக்காது. கைரேகைப் பூட்டு பெரியவர்களைப் படுத்துவதற்கும் இதே காய்ந்த தோல் ஒரு காரணம், கூடவே ரேகையின் மேடுகளும் தேய்ந்து போயிருக்கும். விரலைக் கொஞ்சம் ஈரமாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் கதை வேறு மாதிரி. அம்மாவின் வங்கிக் கணக்கில் கொடுத்திருப்பது அண்ணனுடைய போன் எண், "வசதிக்காக". ஓடிபி அவனுக்குப் போகும், அம்மா கூப்பிட்டுக் கேட்டு வாங்கிப் போட வேண்டும். ஒரு நாள் சித்திக்குச் சத்தமில்லாமல் கொஞ்சம் பணம் அனுப்பப் பார்த்திருக்கிறார். அவர் கூப்பிடுவதற்கு முன்பே அண்ணன் லைனில் வந்துவிட்டான். "எதுக்கும்மா பணம்? யாருக்கு?" அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தார், அப்புறம், "தெரியாம கை பட்டுடுச்சுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார். எழுபது வயதுக்கு மேல், தன் சொந்தப் பணத்துக்குப் பிள்ளையிடம் பொய். படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுத்த காலத்தில் அவர் யாருக்கும் கணக்குச் சொன்னதில்லை. இதில் கொடுமை, அந்த ஆப்பை அம்மாவுக்கு நன்றாகவே ஓட்டத் தெரியும்.

சும்மா ஒருவன்:

எல்லாரும் ஏன் இவ்வளவு உருகுகிறீர்கள் என்று புரியவில்லை. என் மாமனார் விஷயம்: வாஷிங் மெஷின் முடிந்து கீச்கீச்சென்று கத்துகிறது, பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், கேட்கவில்லை. வெளியே லாரி போனால் கேட்கிறது. வயதானால் முதலில் கைவிடுவது உச்சஸ்தாயி ஒலிகள்தான். அவ்வளவுதான் கதை, அவர் ரிங்டோனைக் கட்டைக் குரலில் இருப்பதாக மாற்றினேன், இப்போது எடுக்கிறார்.

ஆகவே புலம்புவதை விட்டுவிட்டு அமைப்புகளைத் திறங்கள். கடைக்குட்டி, உங்கள் இரட்டை 7-க்கு ஐபோனில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் தொடுதல் என்ற இடத்திலேயே மருந்து இருக்கிறது, அடுத்தடுத்துப் படும் தொடுதலைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்லிவிடலாம், எவ்வளவு நேரம் விரல் இருந்தால் தொட்டதாக அர்த்தம் என்பதையும் நீங்களே வைக்கலாம். சில ஆண்ட்ராய்டு போன்களிலும் இது உண்டு. ஆண்ட்ராய்டில் தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக வையுங்கள், இல்லையென்றால் அவர்கள் நிதானமாக அழுத்துவதையெல்லாம் போன் 'நீண்ட அழுத்தம்' என்று எடுத்துக்கொண்டு அழிக்கவா நகர்த்தவா என்று கேட்கும். திரை அணையும் நேரத்தைச் சில நிமிடங்களாக்குங்கள், அரை நிமிடத்தில் அணைகிற திரையில் எந்தப் பெரியவர் எதைப் படிப்பார்? 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-இலிருந்து பொத்தானுக்குப் பதில் திரையின் ஓரத்திலிருந்து விரலால் இழுக்கிற வித்தை முழுசாக வந்துவிட்டது, அதை மாற்றிக் கீழே பழையபடி மூன்று பொத்தான் வரும்படி செய்யலாம், செய்யுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள், ஆனால் கடைசி அளவு வரை போகாதீர்கள், சில ஆப்களில் 'சரி' என்ற பொத்தானே திரைக்கு வெளியே போய்விடும். கைரேகையைப் பல விரல்களில் பதிந்துவையுங்கள், கூடவே பின் நம்பரும் இருக்கட்டும். ஓடிபி அவர்கள் போனுக்கே வரட்டும், ஐபோனில் 2018-இல் வந்த ஐஓஎஸ் 12 முதல் அந்த எண் விசைப்பலகைக்கு மேலேயே வந்து நிற்கிறது, ஒரு தொடுதல் போதும். மொத்தமும் ஒரு மதியத்து வேலை. இதைச் செய்யாமல் கவிதை எழுதிக்கொண்டிருந்தால் எப்படி?

பழைய டெலிபிரிண்டர்:

நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் பெரியவர்களில் நானும் ஒருவன், வயது 74. சும்மா ஒருவன் தம்பி, பட்டியல் நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் எல்லாமே "நீங்கள் செய்யுங்கள்" என்று பிள்ளைகளுக்குத்தான் சொல்லியிருக்கிறீர்கள். போன் யாருடையது?

டெலிபிரிண்டரில், அதாவது கம்பி வழியாக எழுத்துச் செய்தி அனுப்பும் தட்டச்சு இயந்திரத்தில், வேலை பார்த்தவன் நான். எழுத்துகளைத் துளைகளாகப் பதிந்த ஐந்து துளை நாடாவைக் கையில் பிடித்துப் பார்த்தே செய்தியைப் படிப்பேன். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள எனக்கு எந்தப் பயமும் கிடையாது, இராத்திரி படுத்து எழுந்தால் கற்றுக்கொண்டது இடம் மாறிப்போவதுதான் எரிச்சல். எந்தப் படத்தைத் தொட்டால் என்ன வரும் என்று ஒரு நோட்டில் படம் போட்டு எழுதி வைத்திருந்தேன். அப்டேட் ஆனது. மூன்று கோடு மூன்று புள்ளி ஆகிவிட்டது, அதுவும் வலதிலிருந்து கீழே இறங்கிவிட்டது. பேரன் நோட்டைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது பழைய வெர்ஷன்" என்றான். சரி, புதியதைக் காட்டு என்றேன். "குடுங்க" என்று போனை என் கையிலிருந்து எடுத்தான். அவன் கட்டைவிரல் எங்கெங்கோ ஓடியது, என் கண் பின்னாலேயே ஓடிப் பார்த்தது, பிடிக்க முடியவில்லை. "முடிஞ்சுது தாத்தா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். எது முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நல்ல பையன்தான்.

மூன்றாம் மாடி:

ஐயா சொன்னதைப் படித்ததும் எங்கள் பெரியம்மா நினைவுக்கு வந்துவிட்டார். வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் கூப்பிட்டிருக்கிறான், கணக்கு முடங்கிவிடும், இந்த ஆப்பைப் போடுங்கள் என்று. உங்கள் திரையை அவன் அங்கிருந்து பார்க்கிற வகை ஆப், உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் உள்ளே நுழையும்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது. "பதறாதீங்கம்மா, மெதுவா செய்யுங்க. மேல ஓரத்துல ஒரு பூதக்கண்ணாடி தெரியுதா? தெரியலயா, பரவால்ல, வெளிய வந்து திரும்ப உள்ள போங்க, நான் லைன்லயே இருக்கேன்." பெரியம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துப் படித்துத் தொட்டுக்கொண்டிருந்தார். நான் பாய்ந்து போனைப் பிடுங்கிக் கட் செய்தேன். பணம் எதுவும் போகவில்லை.

பெரியம்மாவுக்கு என் மேல்தான் கோபம். "பாதியில கட் பண்ணிட்டியே, அந்தப் பையன் எவ்வளவு நல்லா சொல்லிக்குடுத்துட்டு இருந்தான்!" திருடன் பெரியம்மா என்று உட்கார வைத்து விளக்கினேன். எல்லாம் கேட்டுக்கொண்டார், புரிந்தது. புரிந்த பிறகும், "திருடனாவே இருக்கட்டும், ஒரு தடவகூட அவன் உச்சுக் கொட்டலையே" என்றார்.

சும்மா ஒருவன்:

இதற்குத்தான் சொல்கிறேன், ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்துவிட்டால் திருடனும் இல்லை அப்டேட்டும் இல்லை.

இரவுப்பணி:

பட்டன் போன் எத்தனை நாளைக்கு? பல நாடுகளில் 2ஜி, 3ஜி சேவையையே மூடிக்கொண்டிருக்கிறார்கள், அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் 2022-க்குள் 3ஜியை நிறுத்திவிட்டன, பழைய போன்கள் அன்றோடு பேப்பர் வெயிட்தான். 4ஜியில் ஓடும் பட்டன் போன் கிடைக்கிறது, ஆனால் பெரும்பாலான வங்கி ஆப்கள் அதில் ஏறாது. பிரச்சினை பெரியவர்களிடம் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிக்காவிட்டால் மூடிக்கொள்கிற பக்கமாக இருந்தால் முன்கூட்டியே எச்சரித்து, நீட்டித்துக்கொள்ள வழி கொடுக்க வேண்டும் என்று இணையத்துக்குத் தரநிலை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட அணுகல் நெறிகளில் 2008-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். விதிவிலக்குகள் உண்டுதான். ஆனால் கூட்டத்தில் நான் அதை எடுத்தால் "அடுத்த ரிலீசில் பார்க்கலாம்" என்பார்கள்.

பழைய டெலிபிரிண்டர்:

பட்டன் போன் யோசனைக்கு நன்றி தம்பி. மருத்துவரிடம் நேரம் வாங்குவது, டிக்கெட் போடுவது, பில் கட்டுவது எல்லாவற்றையும் அதை வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு மாதம் செய்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள், படிக்கிறேன்.

அந்த மூன்று பொத்தானைக் கீழே திரும்பக் கொண்டுவருவது பற்றிச் சொன்னீர்களே, அது அமைப்புகளில் எதற்குள் போனால் வரும் என்று மட்டும் வரிசையாக எழுதுங்கள். பேரன் பள்ளியிலிருந்து வருவதற்குள் நானே செய்து பார்க்க வேண்டும்.