கலைச்சொல் தேவை: ‘நியூ ஏஜ் இன்ஸ்ட்ருமென்டல் டூயோ’

[முதல் மடல் – மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து]

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் அடுத்த மாதம் ஓர் இசை மாலை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தோட்டம் விற்றுப்போனபின் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருவர், ஒருவர் கீபோர்டு, மற்றவர் வயலின், பாட்டே இல்லாமல் ஒரு மணி நேரம் வாசிக்கப் போகிறார்கள். பாதி உருப்படிகள் ‘சீக்ரெட் கார்டன்’ என்னும் நோர்வே–அயர்லாந்து ஜோடியுடையவை. மீதி அதே போக்கில் இவர்களே அமைத்தவை. திருவிழா என்றால் உறுமி மேளம், கல்யாணம் என்றால் நாதஸ்வரம், அப்புறம் கரோக்கே என்று பழகிய ஊருக்கு இது புதுசு.

அறிவிப்பாளராக நிற்கப்போகும் அக்கா கேட்டார்: “தம்பி, ‘நியூ ஏஜ் இன்ஸ்ட்ருமென்டல் டூயோ’ன்னு மேடையில சொன்னா முன் வரிசைப் பாட்டிங்களுக்கு என்ன விளங்கும்? தமிழ்ல ஒரு பேரு குடு.” அழைப்பிதழ் சீக்கிரம் அச்சுக்குப் போக வேண்டும். அதனால்தான் இந்த மடல்.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன், சொல் அப்புறம். அந்த இருவரில் ரோல்ஃப் லோவ்லன்ட் பியானோ வாசிப்பவர், மெட்டமைப்பவர். நோர்வேக்காரர். 1985-லேயே ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் நோர்வேக்கு முதல் வெற்றி தேடித் தந்த பாட்டு அவர் எழுதியது. ஃபினூலா ஷெரி அயர்லாந்து வயலின் கலைஞர். 1994 போட்டி டப்ளினில் நடந்தது. லோவ்லன்ட் தன் பாட்டோடு அங்கே வந்திருந்தார், ஷெரி அங்கே இசைக்குழுவில் வாசித்தார். அப்படித்தான் பழக்கம்.

மறு ஆண்டு அதே டப்ளினில் நோர்வே சார்பாக ‘நாக்டர்ன்’ என்ற உருப்படியோடு இறங்கினார்கள். பாட்டுப் போட்டியில் குரல் இருந்தே ஆக வேண்டும். அதனால் முன்னும் பின்னுமாக மொத்தம் 24 சொற்கள், நோர்வே மொழியில். நடுவில் பெரும்பாலும் வயலின்தான். 148 புள்ளியோடு முதலிடம். அதற்கு முந்தைய மூன்று ஆண்டும் வென்றது அயர்லாந்து. அந்த ஆண்டு நோர்வே வென்றபோது வில் பிடித்த கை அயர்லாந்துக் கை. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அதன்பின் வந்த முதல் தொகுப்பு அமெரிக்க இசை இதழான பில்போர்டின் நியூ ஏஜ் பட்டியலில் நெடுநாள் இடம்பிடித்தது. உலகம் அவர்களை அதிகம் அறிந்தது இன்னொரு வழியில். லோவ்லன்ட் சொல்லில்லாமல் ஒரு மெட்டு வைத்திருந்தார். அதற்கு அயர்லாந்துப் பாடலாசிரியர் பிரெண்டன் கிரஹாம் சொல் எழுதியபோது ‘யூ ரெய்ஸ் மீ அப்’ பிறந்தது. முதலில் ஒலித்தது லோவ்லன்டின் தாயாருடைய இறுதிச் சடங்கில். அவர்கள் தொகுப்பில் பாடியவர் பிரையன் கென்னடி. 2003-இல் ஜாஷ் க்ரோபனும் 2005-இல் வெஸ்ட்லைஃபும் பாடிய பிறகு அது ஊருலகமெல்லாம் போய்விட்டது. நம் பக்கத்துக் கரோக்கே மேடை வரைக்கும் வந்துவிட்டது. பாடியவர்கள் பேர் தெரிந்த அளவுக்கு மெட்டுப் போட்டவர் பேர் தெரியாது. இந்த நிகழ்ச்சியில் அதையும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

ஒலிக்கு வருவோம், பெயர் அதிலிருந்துதான் வர வேண்டும். பியானோ ஒரு சுரக்கோவையை ஒவ்வொன்றாகப் பிரித்து மெதுவாக அடுக்கும். நான்கைந்து சுற்றுக்குப் பிறகு வயலின் கீழ்த் தந்தியில் நுழையும். ஒரு மூச்சு நீளத்துக்கு ஒரு வரி, நிறுத்தம், மறுபடி அதே வரி, கடைசிச் சுரம் மட்டும் மாறி. பெரும்பாலும் மைனர் சுரவரிசைகள். நம் ராகக் கணக்கில் நடபைரவி, கீரவாணி. ஆனால் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைப்பது, கிடையாது. சுரத்தை நேராகப் பிடித்து, விரலை லேசாக அதிரவிட்டு நிற்பார் ஷெரி. அங்கங்கே அயர்லாந்துக் கிராமியப் பாணியில் ஒரு சின்னச் சொடுக்கு, அவ்வளவுதான். ‘நாக்டர்ன்’ உருப்படியில் நிக்கல்ஹார்ப்பா என்ற சுவீடன் கருவியும் உண்டு. வில்லால் இழுத்துக்கொண்டே கட்டைகளை அழுத்தி வாசிப்பார்கள், கம்மிய குரல்போல் இருக்கும். தாளக்கருவி பல உருப்படிகளில் இல்லவே இல்லை, இருந்தாலும் பின்னால்தான். பின்புலத்தில் வயலின் கூட்டம் விரிந்துகொண்டே போகும், ஆனால் அவசரம் எங்கும் வராது.

‘புதுயுக இசை’ என்று முன்பு சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. நியூ ஏஜ் என்பது மேற்கில் அறுபது எழுபதுகளின் ஆன்மிக அலையிலிருந்து வந்த பேர். இசைத்தட்டுக் கடைக்காரர்கள் எந்த அலமாரியிலும் சேராததை அதில் அடுக்கினார்கள். கிராமி விருதில் 1987 முதல் தனிப் பிரிவு. அந்தப் பிரிவே 2023-இல் ‘நியூ ஏஜ், ஆம்பியன்ட், சான்ட்’ என்று நீண்டுவிட்டது, ஒரு பேருக்குள் அடங்கவில்லை. 2025-இல் அதை வென்ற மூவரில் ஒருவர் சென்னையில் பிறந்த சந்திரிகா டாண்டன். புல்லாங்குழல், செல்லோ, கூடவே அவருடைய மந்திர ஓதல். வேத மந்திரத்தை எந்தக் கணக்கில் புது யுகம் என்பது? யுகம் என்ற சொல் கேட்பவர் காதுக்கு இசையைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. போதாததற்குத் தமிழ்நாட்டில் அந்தப் பேரில் ஒரு தொலைக்காட்சியும் இருக்கிறது.

‘மெல்லிசை’ பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அது திரையிசைக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. விஸ்வநாதன்–ராமமூர்த்திக்கு மெல்லிசை மன்னர்கள் என்று பட்டம் கொடுத்த பிறகு அதைத் திரும்பக் கேட்க முடியாது.

நம் தோட்டத்துச் சனங்கள் பேர் வைத்த முறையைப் பாருங்கள். மங்கில் (பால் சேரும் கிண்ணத்தில்) இறங்காமல் ரப்பர் மரத்து வெட்டிலேயே காய்ந்து ஒட்டிக்கொண்ட பாலை ‘ஒட்டுப்பால்’ என்றார்கள். எந்த அகராதிக் குழுவும் கூடவில்லை. கண்ணால் பார்த்ததை, கையால் உரித்ததை அப்படியே சொன்னார்கள், அது நின்றுவிட்டது. இசைக்கும் காதால் கேட்டதை வைத்துப் பேர் வைப்போம்.

என் முன்மொழிவு: ‘தவழிசை’. தவழ்கின்ற இசை, வினைத்தொகை. பனி தவழும், மேகம் தவழும், தென்றல் தவழும் என்கிறோம். வானொலியில் ‘காற்றில் தவழ்ந்து வரும் கீதம்’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த மெட்டுகள் பெரிய தாவல் இல்லாமல் பக்கத்துப் பக்கத்துச் சுரமாக நகர்வதற்கும் அந்த வினை பொருந்துகிறது. வேறு நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

[மறுமொழி – பாகான் செராயிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்]

தம்பி, வணக்கம். நல்ல முயற்சி.

> பாட்டே இல்லாமல்

முதலில் ‘இன்ஸ்ட்ருமென்டல்’. ‘கருவியிசை’ என்றே வையுங்கள், வாத்தியம் வேண்டாம். நம் மரபு தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று பிரித்து, அவற்றோடு மிடற்றுக்கருவியையும் சேர்க்கிறது. தொண்டையும் ஒரு கருவி! எனவே நீங்கள் சொன்ன 24 சொல் உருப்படியையும், சொல்லில்லாமல் ‘ஆ’ என்று குழு பாடுவதையும் கருவியிசைக்குள் வைக்கத் தடையே இல்லை. ‘சொல்லில்லா இசை’ என்று பேர் வைத்தால்தான் அந்த 24 சொல் இடிக்கும்.

நடை பற்றி: சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை உரையில் அடியார்க்கு நல்லார் முதனடை, வாரம், கூடை, திரள் என்று நான்கு சொல்கிறார். முதனடை மிகத் தாழ்ந்த செலவு, திரள் முடுகிய நடை. நீங்கள் விவரித்தது முதனடை. உங்கள் விளக்கக் குறிப்பில் இதைச் சேர்த்தால் மாணவர்களுக்கு உதவும்.

பெயருக்கு வருகிறேன். ‘தவழ்’ என்றதும் குழந்தைதான் கண்முன் வருகிறது. கச்சேரி விமர்சனத்தில் ‘அமரிக்கையான வாசிப்பு’ என்று எழுதுவார்கள். அதிலிருந்து ‘அமரிசை’ என்று ஆக்கலாமே. அமர்ந்த இசை. இல்லையென்றால் ‘தணிவிசை’, ‘தண்ணிசை’. மூன்றும் புணர்ச்சிக்கு உட்பட்டவை.

[மறுமொழி – அறிவிப்பாளர் அக்கா, சுங்கை சிப்புட்]

ஐயா, மன்னிக்கணும். மேடையில் நின்று வாய்விட்டுச் சொல்லப் போகிறவள் நான், அதனால் எழுதுகிறேன்.

அமரிசை வேண்டாம். நம் பத்திரிகையில் ‘அமரர்’ என்று தொடங்கினால் கீழே படமும் கருமக்கிரியை தேதியும் இருக்கும். அமரிசை இரட்டையர் என்று நான் சொன்னால் அமரரானவர்களுக்கான இசை என்றுதான் நினைப்பார்கள். அந்தப் பாட்டு முதலில் ஒலித்ததே இறுதிச் சடங்கில் என்று தம்பியும் எழுதியிருக்கிறார், கேட்கவே வேண்டாம்.

தண்ணிசையை எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுப் பார்த்தேன். முதல் பதில், “அக்கா, தண்ணியா?” பள்ளி மண்டபத்துக்கு ஆகாது. தணிவிசையில் ‘விசை’ தனியாகக் காதில் விழுகிறது. ஏற்கெனவே கீபோர்டை விசைப்பலகை என்கிறோம், விசைப்பலகையில் தணிவிசை என்றால் ஏதோ பொத்தான் என்று ஆகிவிடும்.

தவழிசை வாயில் சுலபமாக வருகிறது. ழகரம் வராத பிள்ளைகள் தவலிசை என்பார்கள், அது எந்தச் சொல்லுக்கும் உள்ளதுதான். குழந்தை நினைவுக்கு வந்தால் வரட்டுமே ஐயா. என் மகளைத் தூங்க வைத்தது இந்த மாதிரி வயலின்தான்.

[மறுமொழி – ஈப்போவிலிருந்து]

வணக்கம். ‘டூயோ’வுக்கு ‘இசை இணையர்’ என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். இணையர் என்றால் இன்று கணவன் மனைவி. லோவ்லன்டும் ஷெரியும் கூட்டுக் கலைஞர்கள், தம்பதியர் அல்லர். நமது இரு பிள்ளைகளுக்கும் அது பொருந்தாது. ‘இரட்டையர்’ போதும். உடன்பிறந்த இரட்டையர் என்று யாராவது குழம்புவார்களா என்றால், மலேசியாவில் மாட்டார்கள். 2022-இல் ஆரோன் சியா–சோ வூய் யிக் பூப்பந்தில் உலக வெற்றியாளர் ஆனபோது எல்லாத் தமிழ் ஏடும் ஆண்கள் இரட்டையர் என்றுதான் எழுதின. முன் வரிசைப் பாட்டிக்கும் அது தெரியும்.

[முதல் மடல்காரரின் மறுமொழி]

ஐயாவுக்கும் அக்காவுக்கும் ஈப்போ நண்பருக்கும் நன்றி.

கருவியிசை, இரட்டையர் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மிடற்றுக்கருவி பற்றி ஐயா சொன்னது என் பெரிய சிக்கலைத் தீர்த்துவிட்டது. முதனடை குறிப்பேட்டில் சேருகிறது.

ஐயா, ‘அமரிக்கை’ என்ற அடைமொழியை நான் விடப்போவதில்லை, வாசிப்பை விவரிக்க அதைவிட நல்ல சொல் இல்லை. வகைக்குப் பெயராக மட்டும் அக்கா சொன்ன காரணத்தால் தவிர்க்கிறேன். குழந்தை தவழ்வது பற்றிய உங்கள் மறுப்பை யோசித்தேன். பிள்ளைகள் இருவரும் நேற்று மண்டபத்தில் ஒத்திகை பார்த்தார்கள். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது, ஒலிபெருக்கி இன்னும் வரவில்லை. வயலின் பையன் வில்லை இழுக்கும் வேகத்தை இன்னும் குறைத்தான். சத்தத்தை ஏற்ற அவன் முயலவே இல்லை. மழைக்கு அடியில் அந்த வரி தரையோடு தரையாக எங்கள் வரிசைவரை வந்து சேர்ந்தது. எனக்கு வேறு வினை கிடைக்கவில்லை.

ஒரு வரம்பு மட்டும் வைக்க வேண்டும். மெதுவான எல்லாக் கருவியிசையும் தவழிசை அல்ல. நாதஸ்வரத்தில் ஒரு மணி நேரம் தோடி ஆலாபனை மெதுவாகவே போகும், ஆனால் அதன் உயிர் கமகத்தில் இருக்கிறது, அதற்கு ஆளத்தி என்ற பழைய பேரும் இருக்கிறது. கமகம் குறைந்து, மெட்டு திரும்பத் திரும்ப வந்து, பின்புல ஒலி மெல்ல விரிவதற்கு மட்டும் இந்தச் சொல். வரையறை இப்படி இருக்கலாம்:

தவழிசை: தாழ்ந்த நடையில், எளிய மெட்டொன்று சிறு மாற்றங்களோடு மீண்டும் மீண்டும் வர, தாளத்தைவிட ஒலிப்பரப்புக்கு இடம் தரும் இசை வகை. பெரும்பாலும் கருவியிசை.

அழைப்பிதழுக்கான வரியை அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். யாருக்கும் மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், சனிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது:

“தவழிசை இரட்டையர் வழங்கும் கருவியிசை மாலை. கீபோர்டு, வயலின். பள்ளி மண்டபம், இரவு மணி 7.30. அனைவரும் வருக.”

‘ஆம்பியன்ட்’ என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன். ஈப்போ நண்பர் ‘சூழிசை’ என்று தனிமடலில் எழுதியிருந்தார், அதை அங்கே பேசுவோம்.