ஆடித் திருவிழா கவியரங்கத்துக்கு சேலம் பத்தி கவிதை, எப்படி எழுதறது?

தறிவீட்டுப்புள்ள:
எங்க அம்மாபேட்டை பக்கம் ஆடிக்கு சின்னதா ஒரு கவியரங்கம் வெக்கிறாங்க, தலைப்பு 'நம்ம சேலம்', எனக்கு அஞ்சு நிமிசம் குடுத்திருக்காங்க. ரெண்டு நாளா உக்காந்து எழுதினேன், மல்கோவா, இரும்பாலை, ஏற்காடு, தட்டுவடை செட்டுனு வரிசையா வருது. அம்மாகிட்ட படிச்சுக் காட்டுனா "இது கவிதையாடா, பஸ் ஸ்டாண்டு போர்டாடா"ங்கறாங்க. ஊரப் பத்தி நல்லா எழுதுனவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல.

குகைக்காரன்:
தம்பி, பழசுலருந்து ஆரம்பிங்க. கொல்லிமலை 1997க்கு முன்னாடி வரைக்கும் நம்ம மாவட்டந்தான், அதனால அந்த மலைய ஆண்ட வல்வில் ஓரியும் நம்ம ஆளுதான் (நாமக்கல்காரங்க சண்டைக்கு வராதீங்க). புறநானூறு 152 படிச்சுப் பாருங்க, வன்பரணர் பாடுனது. அந்த மனுசன் 'எங்க மலை போல உண்டா'ன்னெல்லாம் ஆரம்பிக்கல. ஓரி விட்ட ஒரே அம்பு, யானையத் தொளச்சு, புலியத் தொளச்சு, மானு, பன்னினு போயி கடைசில பக்கத்துப் புத்துல இருந்த உடும்புல போயி நிக்குது. யானைய எவன் வேணா சொல்லுவான், அந்தப் புத்தையும் உடும்பையும் சொன்னான் பாருங்க, அங்கதான் மலை கண்ணுக்குத் தெரியுது. மேடைல 'வந்தாரை வாழவைக்கும்'னு மட்டும் ஆரம்பிச்சுராதீங்க, எல்லா ஊருக்கும் அதையேதான் பாடறானுங்க.

செவ்வாப்பேட்டை72:
குகை அண்ணன் சொன்னது சரி. நான் கொலுசுப் பட்டறைல பதினாறு வருசம் இருந்தவன். 'பொடி வச்சுப் பேசறான்'னு ஊரே சொல்லுது, பட்டறைல நாங்க நெசமாவே பொடி வச்சு ஊதறோம், கண்ணிக்குக் கண்ணி ஒட்டறதுக்குப் பத்தவெப்பொடி வச்சு நெருப்பக் காட்டுனா ஒரு செகண்டு வெள்ளி தண்ணி மாதிரி மினுங்கும், அதுக்குள்ள எடுக்கலைன்னா கண்ணி உருகிப் போயிரும், கூலி போச்சு. சேலம் கொலுசு சேலம் கொலுசுன்னு பாடறவன் எவனும் இதப் பாடல. சலங்கைச் சத்தத்தோட நிறுத்திக்கறான்.

மலைக்காத்து:
ஏற்காட்டுக்காரியா ஒரு புகார். கவிதைன்னா எங்களுக்கு மூடுபனி மட்டுந்தானா? 1820கள்ல கலெக்டரா இருந்த காக்பர்ன் காலத்துலருந்து இங்க காபி இருக்கு. மார்ச், ஏப்ரல்ல ஒரு மழை பேஞ்சா எட்டு, பத்து நாள்ல தோட்டம் பூரா வெள்ளையாப் பூத்துரும், மல்லி மாதிரி வாசம், ரெண்டு மூணு நாள்ல பழுப்பாயி உதுந்துரும். அந்த மழை வரலைன்னா அந்த வருசத்துக் கணக்கே மாறிரும். டூரிஸ்ட் மே மாசம் கோடை விழாவுக்குத்தான் வர்றாங்க, பூவ எங்க பாத்தாங்க. நவம்பருக்கு மேல பழம் பறிக்கறவங்க இடுப்புல சாக்கக் கட்டிக்கிட்டு அட்டைக்கடியோட நிக்கறதும் கவிதைல வரட்டும்.

குகைக்காரன்:
அட்டைய விட்டுட்டு ஏற்காட்டப் பாடறது தப்புதாம்மா 😄 அப்படியே ஜவ்வரிசியும். 2023ல புவிசார் குறியீடு கெடச்சுது, எல்லாரும் பெருமைப்பட்டோம், ஆனா மில்லுத் தண்ணி நாத்தத்தத் தாண்டி வர்றப்ப மூக்கப் பொத்தறதும் நாமதான். தம்பி, உங்க வீட்ல என்ன இருக்கு, அத மொதல்ல சொல்லுங்க.

தறிவீட்டுப்புள்ள:
வீட்ல குழித்தறி (குழில கால வச்சு நெய்யற கைத்தறி) இருந்துச்சு, இப்ப குழிய மூடி டைல்ஸ் போட்டாச்சு, அது மேலதான் டிவி இருக்கு. நேத்து பரண்ல ஏறிப் பாத்துட்டு வந்து இது எழுதினேன், பழைய நாப்பது வரியும் கிழிச்சாச்சு (தாருன்னா ஊடுநூல் சுத்தற சின்னக் குழல்):

ஆயா தாரு சுத்துன ராட்டை
பரண்ல கெடக்கு
எலி அதுல
குட்டி போட்டிருக்கு

இன்னும் நாலரை நிமிசம் பாக்கி இருக்கு, என்ன பண்றது?

செவ்வாப்பேட்டை72:
ராட்டைல நூலு மிச்சம் ஒட்டியிருக்கா? என்ன கலரு?