புது கம்ப்யூட்டர்: ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை

கேட்டவர்:

வணக்கம். முதல் தடவையாக நானே ஒரு டெஸ்க்டாப் பூட்டியிருக்கிறேன். ஒன்பது மாதம் காசு சேர்த்து ஒவ்வொன்றாக வாங்கிய பொருள்கள். நேற்று சாயங்காலம் எல்லாம் முடித்து பவர் பொத்தானை அழுத்தினேன். ஃபேன் எல்லாம் சுற்றின, கிராபிக்ஸ் கார்டில் விளக்கு எரிந்தது. மானிட்டரில் மட்டும் சிக்னல் இல்லை என்று வந்து கறுப்பாகிவிட்டது. இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து பார்த்தும் அதே நிலைதான்.

பொருள்கள்: ரைசன் 5 7500எஃப் பிராசசர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5-6000 ரேம் இரண்டு, ரேடியான் ஆர்எக்ஸ் 7600, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). எல்லாமே புதியவை.

செய்து பார்த்தது: 24 பின் கேபிளைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகினேன். பிராசசருக்கான 8 பின் கேபிளும் மாட்டியிருக்கிறேன். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் மானிட்டரைச் செருகிப் பார்த்தேன். அணைத்து அணைத்து இருபது தடவையாவது போட்டிருப்பேன், ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் பார்த்துவிட்டு அணைத்தேன். ஏதாவது கருகிவிட்டதா என்று பயமாக இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 1:

முதலில் மானிட்டர் கேபிள். 7500எஃப் என்பதில் கடைசியில் இருக்கும் எஃப் எழுத்தைக் கவனியுங்கள். அந்தப் பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டில் எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் உங்கள் பிராசசரோடு அது வேலை செய்யாது. கார்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் திரையில் எதுவுமே வர வாய்ப்பில்லை, ஆகவே அந்தச் சோதனையைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கார்டைத் திரும்ப மாட்டுங்கள். அதற்குத் தனியாக வரும் 8 பின் பவர் கேபிளும் முழுசாக உட்கார்ந்திருக்க வேண்டும். கேபினட்டின் பின்பக்கம் யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் இருப்பவை மதர்போர்டுடையவை. அதற்குக் கீழே படுக்கைவாட்டில் இருப்பவைதான் கார்டுடையவை, மானிட்டரை அங்கே செருகுங்கள். மானிட்டரின் மெனுவில் எந்த இன்புட் தேர்வாகியிருக்கிறது என்றும் பாருங்கள்.

கேட்டவர்:

நன்றி. கார்டைத் திரும்ப மாட்டிய பிறகும் கேபிள் மதர்போர்டிலேயே இருந்திருக்கிறது. இப்போது மாற்றிவிட்டேன், ஆனாலும் திரை கறுப்புதான்.

ஒரு விஷயம். என் தங்கை டார்ச் அடித்துப் பார்த்தபோது ரேம் பக்கத்தில் ஓரமாக ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிவதைக் கண்டுபிடித்தாள். பக்கத்தில் டிராம் என்று அச்சிட்டிருக்கிறது. அது அணையவே இல்லை.

பதில் 2:

உங்கள் தங்கை சரியான இடத்தைப் பார்த்திருக்கிறார். அந்த ஓரத்தில் நான்கு விளக்குகள் இருக்கும்: பிராசசர், ரேம், கிராபிக்ஸ், பூட். போர்டு எழும்போது ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போகும். எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த விளக்கு எரிந்தபடி இருக்கும். நிறம் போர்டுக்குப் போர்டு மாறும், அதனால் பக்கத்தில் இருக்கும் பெயரைத்தான் நம்ப வேண்டும். உங்கள் போர்டு பிராசசரைத் தாண்டி ரேமில் நிற்கிறது. பிராசசருக்கு மின்சாரம் போய், அது வேலையைத் தொடங்கியும்விட்டது என்று இதற்கு அர்த்தம். கருகிவிட்டதோ என்ற பயத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இரண்டு கேள்விகள். ரேம் இரண்டும் எந்த ஸ்லாட்டில் இருக்கின்றன? பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணிச் சொல்லுங்கள். இரண்டாவது, பொத்தானை அழுத்தியபின் தொடர்ச்சியாக அதிகபட்சம் எவ்வளவு நேரம் தொடாமல் விட்டீர்கள்?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. டிடிஆர்5 ரேமோடு ஏஎம்5 போர்டு (உங்கள் பிராசசர் உட்காரும் சாக்கெட் வகை) முதல் தடவை எழும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளும். ஒவ்வொரு சிக்னல் கோட்டிலும் எந்த நேரக்கணக்கில், எந்த மின்னழுத்தத்தில் பேசினால் பிழை வராது என்று போர்டு தானாகத் தேடும். மெமரி டிரெய்னிங் என்பார்கள். அது முடியும்வரை ஃபேன் சுற்றும், ரேம் விளக்கு எரியும், திரையில் ஒரு புள்ளிகூட வராது. பார்ப்பதற்குச் செத்துப்போன போர்டு மாதிரியே இருக்கும். முதல் தடவை சில நிமிடங்கள் ஆவது சாதாரணம். நடுவில் அணைத்தால் அதுவரை செய்தது வீண், அடுத்த தடவை முதலிலிருந்து ஆரம்பிக்கும். நீங்கள் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அணைத்தீர்கள் என்று படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

பதில் 3:

எனக்கும் இதே மாதிரி வந்தது. கடைசியில் மதர்போர்டுதான் போயிருந்தது, மாற்றித் தந்தார்கள். நேரத்தை வீணாக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் நண்பர் யாரிடமாவது எஸ்எம்பிஎஸ் இருந்தால் வாங்கி, கேபினட்டுக்குள் ஓடும் கேபிள்களை அப்படியே விட்டுவிட்டு, பெட்டியை மட்டும் மாற்றிப் பாருங்கள். அது எளிது.

பதில் 4:

மேலே சொன்னதைத் தயவுசெய்து அப்படியே செய்யாதீர்கள். கேபிள் தனியாகக் கழன்று வரும் எஸ்எம்பிஎஸ்களில், பெட்டிப் பக்கத்து முனைக்குப் பொதுவான அமைப்பு கிடையாது. மதர்போர்டுப் பக்கம் எல்லாம் ஒன்றாக இருக்கும். பெட்டிப் பக்கம், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் துளையில் ஒரு தயாரிப்பில் 12 வோல்ட் வரும் இடத்தில் இன்னொன்றில் வேறு எதுவோ வரும். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்கூட வித்தியாசம் உண்டு. ஒன்றின் கேபிளை இன்னொன்றில் போட்டால் எஸ்எஸ்டி, போர்டு எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்ப்பதாக இருந்தால் அதனுடன் வந்த கேபிள்களையே பயன்படுத்துங்கள்.

போர்டைத் திருப்பிக் கொடுப்பது பற்றி அப்புறம் யோசிக்கலாம், ரேம் சோதனை இன்னும் நடக்கவே இல்லை.

கேட்டவர்:

இரண்டு ரேமும் பிராசசரை ஒட்டிய முதல் இரண்டு ஸ்லாட்டிலும் இருக்கின்றன. அடுத்தடுத்து மாட்டினால்தான் சரி என்று நினைத்துக்கொண்டேன். நேரத்தைக் கேட்டால், அதிகபட்சம் ஒரு நிமிடம்தான் விட்டிருப்பேன். கருகிவிடுமோ என்ற பயத்திலேயே அணைத்துவிட்டேன்.

பதில் 2 எழுதியவர்:

சரி, இரண்டையும் திருத்துவோம்.

நான்கு ஸ்லாட் இருந்தால் இரண்டு ரேமுக்கு உரிய இடம் பிராசசரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும். போர்டில் ஏ2, பி2 என்று இருக்கும். சேனல் என்பது பிராசசரும் ரேமும் பேசும் பாதை. உங்கள் முதல் இரண்டு ஸ்லாட்டும் ஏ சேனலைச் சேர்ந்தவை, பி சேனல் காலியாகக் கிடக்கிறது. ஏன் இரண்டாவது, முதலாவது ஏன் கூடாது என்றால், இந்த வகைப் போர்டுகளில் கம்பி பிராசசரிலிருந்து கிளம்பி ஏ1ஐத் தொட்டுக்கொண்டு ஏ2வில் போய் முடிகிறது. முடிவில் ரேம் இல்லாமல் நடுவில் மட்டும் இருந்தால், மீதிக் கம்பி சும்மா தொங்கும். சிக்னல் அதன் நுனியில் மோதித் திரும்பி வந்து குழப்பும். மெதுவான பழைய ரேம்கள் இதைத் தாங்கிக்கொண்டன, டிடிஆர்5 வேகத்தில் அது பெரிய தொல்லை.

இந்த வரிசையில் செய்யுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்சை அணைத்து வயரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு ரேம் இரண்டையும் எடுங்கள். ஒன்றை மட்டும் ஏ2வில் மாட்டுங்கள், மற்றது மேசையில் இருக்கட்டும். நிறைய போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு முனையில்தான் தாழ்ப்பாள், மறுமுனை அசையாது. தாழ்ப்பாள் பக்கம் டக் என்று சத்தம் கேட்டதும் உட்கார்ந்துவிட்டது என்று விட்டுவிடுவோம், அசையாத முனை ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு முனையையும் பெருவிரலால் சம அழுத்தத்தில் அழுத்துங்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் தங்கநிறப் பட்டை துளிகூட வெளியே தெரியக் கூடாது.

பிறகு சிமாஸை, அதாவது போர்டு சேமித்து வைத்திருக்கும் அமைப்புகளை, அழியுங்கள். போர்டின் கீழ்ப்பக்கம் அதற்கென்று இரண்டு பின் இருக்கும், கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். மின்சாரம் இல்லாத நிலையில் அந்த இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் பத்து விநாடி சேர்த்துத் தொட்டால் போதும். பின் கண்டுபிடிக்க முடியாவிட்டால் வட்ட பேட்டரியை, அதுதான் சிஆர்2032, கழற்றிச் சில நிமிடம் வைத்துவிட்டு மாட்டுங்கள்.

அப்புறம் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். பதினைந்து நிமிடம் தொடாதீர்கள். நடுவில் தானாக அணைந்து மறுபடி எழுந்தாலும் விட்டுவிடுங்கள், டிரெய்னிங்கின்போது அப்படி நடப்பதுண்டு.

அப்போதும் வராவிட்டால் அதே ஏ2வில் இரண்டாவது ரேமைப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது, எது கெடுத்தது என்றும் தெரியாது.

பதில் 4 எழுதியவர்:

இரண்டு ரேமிலும் வராவிட்டால் அடுத்து பார்க்க வேண்டியது பிராசசர் மேல் இருக்கும் கூலரின் திருகுகள். ஒரு மூலை அதிகமாக இறுகியிருந்தால் பிராசசர் சாக்கெட்டில் சரிந்து, ரேமுக்குப் போகும் சில பின்கள் தொடாமல் போகும். ஏஎம்5 சாக்கெட்டில் 1718 தொடுமுனைகள் இருக்கின்றன, அதில் ஒன்று வளைந்திருந்தாலும் இதே விளக்கு எரியலாம். ஆனால் கூலரைக் கழற்றினால் தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் போட வேண்டியிருக்கும். அதனால் அது கடைசி வேலையாக இருக்கட்டும்.

கேட்டவர்:

வந்துவிட்டது!!

ஒரு ரேமை ஏ2வில் மாட்டி, சிமாஸ் அழித்து, போட்டுவிட்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. மூன்றாவது நிமிடம் தானாக அணைந்து எழுந்தது. நீங்கள் முன்னமே சொல்லியிருக்காவிட்டால் அந்த இடத்தில் நிச்சயம் வயரைப் பிடுங்கியிருப்பேன். நான்கரை நிமிடத்தில் விளக்கு அணைந்து மானிட்டரில் பயாஸ் (போர்டின் அமைப்புத் திரை) வந்தது. தங்கை கத்தியதில் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அணைத்துவிட்டு பி2வில் இன்னொன்றையும் மாட்டினேன், மறுபடி கொஞ்ச நேரம் எடுத்து 32 ஜிபி காட்டியது.

இரண்டு சந்தேகம். பயாஸில் பிராசசர் வெப்பம் 46 டிகிரி காட்டுகிறது, சரிதானா? ரேம் 6000 என்று வாங்கினேன், 4800 என்று காட்டுகிறதே, ஏமாந்துவிட்டேனா?

பதில் 1 எழுதியவர்:

மிகவும் மகிழ்ச்சி. 46 டிகிரி நல்ல அளவு. இந்தப் பிராசசரின் உச்ச வரம்பு 95. பயாஸில் சும்மா இருக்கும்போதே 80, 90 என்று ஏறிக்கொண்டே போனால்தான் கூலரின் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் விட்டோமா என்று பார்க்க வேண்டும்.

விண்டோஸ் 11 போட 8 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பென் டிரைவ் வேண்டும். அது கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி உங்கள் பிராசசரிலேயே இருக்கிறது, பெரும்பாலும் பயாஸில் தானாகவே இயங்கும் நிலையில் இருக்கும். பென் டிரைவில் உள்ள பழைய கோப்புகள் அழிந்துவிடும், முதலில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2 எழுதியவர்:

ஏமாறவில்லை. பெட்டியில் போட்டிருக்கும் 6000 என்பது அந்த ரேம் போகக்கூடிய வேகம். போர்டு தானாக எடுத்துக்கொள்வது பொதுத்தரமான 4800ஐ. இந்தப் பிராசசருக்குத் தயாரிப்பாளர் அதிகாரபூர்வமாகச் சொல்லும் வரம்பு 5200. 6000 அதற்கு மேலே, என்றாலும் நல்ல ஜோடி ரேமில் பொதுவாகப் பிரச்சினை இல்லாமல் ஓடும். பயாஸில் எக்ஸ்போ என்பதை (ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள்.

சேமித்ததும் திரை மறுபடி கறுப்பாகும், மஞ்சள் விளக்கு எரியும். புது வேகத்துக்கு மறுபடி பழக்குகிறது, அவ்வளவுதான். நேற்று செய்ததைப் போலவே காத்திருங்கள். ரொம்ப நேரமாகியும் எழவில்லை என்றால் சிமாஸ் அழித்தால் 4800க்கே திரும்பிவிடும், எதுவும் கெடாது.

விண்டோஸ் போடுவதற்கு முன்பே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவில் வைத்து ஒரு முழுச் சுற்று ஓடவிடுங்கள். 32 ஜிபிக்கு மணிக்கணக்கில் ஆகும், இரவில் விட்டுவிட்டுத் தூங்கலாம். ஒரு பிழை வந்தாலும் 6000 வேண்டாம், 5600க்கு இறக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ரேமில் இருக்கும் பிழை கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுக்கும், மாதக்கணக்கில் காரணமே தெரியாது. அதனால்தான் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

கேட்டவர்:

எக்ஸ்போ போட்டேன், இரண்டு நிமிடம் கறுப்பாக இருந்து எழுந்தது. மெம்டெஸ்ட் இரவெல்லாம் ஓடி பிழை பூஜ்யம். இன்று விண்டோஸும் போட்டாயிற்று, டாஸ்க் மேனேஜரில் 6000 காட்டுகிறது.

ஒவ்வொரு நாள் காலையிலும் போடும்போது ஒரு நிமிடத்துக்கும் மேல் கறுப்பாகவே நிற்கும்போல் இருக்கிறது, இரண்டு தடவையும் அப்படித்தான் ஆனது. இது இப்படியேதான் இருக்குமா?

பதில் 2 எழுதியவர்:

போர்டு ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து பழக்குகிறது. பயாஸின் மெமரி பகுதியில் மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோர் என்று ஒன்று இருக்கும். அதை இயக்கினால் போன தடவை கண்டுபிடித்த கணக்கையே வைத்துக்கொண்டு எழும். அதோடு பவர் டவுன் என்ற இன்னொரு அமைப்பையும் சேர்த்து இயக்குங்கள், சில போர்டுகளில் அது இல்லாமல் முதலாவது மட்டும் இருந்தால் திடீரென்று நீலத்திரை வரும். மாற்றிய பிறகு மெம்டெஸ்டை இன்னொரு தடவை ஓட்டிவிடுங்கள். அதற்கு முன் போர்டுக்குப் புது பயாஸ் வந்திருக்கிறதா என்று தயாரிப்பாளர் பக்கத்தில் பாருங்கள். பயாஸ் புதுப்பித்தால் எக்ஸ்போ உட்பட எல்லா அமைப்பும் பழைய நிலைக்குப் போய்விடும், மறுபடி போட வேண்டும்.

கேட்டவர்:

பயாஸ் புதுப்பித்து, எக்ஸ்போவை மறுபடி போட்டு, நீங்கள் சொன்ன இரண்டையும் இயக்கினேன். இப்போது பொத்தானை அழுத்தி இருபது விநாடிக்குள் விண்டோஸ் வந்துவிடுகிறது. இன்று இரவு மெம்டெஸ்ட் இன்னொரு தடவை ஓடுகிறது. பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, என் தங்கையும் சொல்லச் சொன்னாள்.