கதைப்பாடலில் ஓசை: மாணவர்களுக்கு எங்கிருந்து தொடங்குவது?

வகுப்பறை:
எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கதைப்பாடல் எழுதுகிறார்கள். எதுகை (இரண்டாம் எழுத்து ஒத்து வருவது), மோனை (முதலெழுத்தின் ஒலி ஒத்து வருவது) என்ன என்று கேட்டால் இலக்கணம் ஒப்பிக்கிறார்கள். எழுதச் சொன்னால் வருவது இது:

குமரன் காட்டுக்குச் சென்றான்
கொஞ்ச நேரம் நின்றான்
புலி ஒன்றைக் கண்டான்
பயந்து ஓடி வந்தான்

அடிதோறும் ‘ஆன்’ வந்துவிட்டால் பாட்டு ஆகிவிட்டது என்று நம்புகிறார்கள். குமரன் சும்மா நிற்கும் இடமும் புலி வரும் இடமும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. கையில் இருப்பது 6 பாடவேளை. எதை முதலில் எடுக்கலாம்?

அசைசீர்:
பிள்ளைகள் போடுவது இயைபு, அதாவது அடிகளின் கடைசி ஒலி ஒத்து வருவது. தமிழில் வினைமுற்று (‘சென்றான்’ போல முடிந்த வினை) வாக்கியத்தின் கடைசியில் வருவதால் ‘ஆன்’ கேட்காமலே வந்துவிடும். உழைத்துப் பெற்ற ஓசை அல்ல. அதைவிடப் பெரிய கெடுதல், அடிக்கொரு முற்று வைத்தால் கதை அடிக்கொருமுறை நின்று நின்று போகும்.

முதல் வேளைக்கு ஒரே கட்டுப்பாடு கொடுங்கள்: நான்கு அடிக்கு ஒரு வினைமுற்று. மற்ற வினைகள் ‘சென்று’, ‘நிற்க’ போல முடியாமல் நிற்கும் எச்சமாக வேண்டும். அடுத்த வேளையில் மோனை, ஒன்றாம் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மட்டும் (சீர் என்பது அடியில் சொல் அளவான ஓசைப் பகுதி). எதுகை அதற்குப் பிறகு. அதே கதை இப்படி மாறும்:

காட்டு வழியில் கால்கள் நோகக்
கூட்டம் பிரிந்து குமரன் நடக்க
மூங்கில் அசைந்து முனகிய நேரம்
பாய்ந்தது புலி!

‘நோக’, ‘நடக்க’ என்று எச்சத்தில் தொங்குவதால் காது அடுத்த அடிக்குக் காத்திருக்கிறது. முற்று ‘பாய்ந்தது’ ஒன்றே. முதல் மூன்றடியும் நான்கு சீர். கடைசி அடி இரண்டோடு நிற்கிறது. மீதி இரண்டு சீருக்கான இடம் மௌனமாகக் கிடக்கிறது பாருங்கள், திடுக்கிடல் அங்கேதான். மூன்றாம் அடியில் எதுகையை விட்டதும் வேண்டுமென்றே, காட்சி மாறுகிறது.

எதுகையில் வழக்கமாகத் தவறுவது ‘பட்டு–பாட்டு’. இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒக்க வேண்டும்: பட்டு–கட்டு, பாட்டு–காட்டு.

செவிவழி:
வல்லினம் என்றால் கோபம், மெல்லினம் என்றால் அன்பு என்று அட்டவணை போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். ‘படகு’ என்பதில் மூன்று எழுத்தும் வல்லின வரிசை. ஆனால் டகரமும் ககரமும் உயிரொலிகளுக்கு நடுவே குழைந்துவிடுகின்றன. ‘பட்டம்’, ‘முற்றம்’ என்று இரட்டிக்கும்போது வல்லினம் வல்லினமாகக் கேட்கும். மூக்கொலிக்குப் பின்னாலும் மென்மைதான்: சங்கு, பந்து. எழுத்தை எண்ணச் சொல்லாமல், வாய்விட்டுச் சொல்லி நாக்கு எங்கே இடிபடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பயிற்சிக்குக் கம்பனில் சூர்ப்பணகை அழகியாக உருமாறி வரும் பாட்டின் கடைசி அடி போதும்: ‘வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்’. வஞ்சிக் கொடிக்கும் நஞ்சுக்கும் வஞ்சகத்துக்கும் ஒரே ‘ஞ்ச’. அவள் வேடத்தையும் எண்ணத்தையும் ஒரே ஒலி ஒருசேரச் சொல்லிவிடுகிறது. இப்போது ‘நஞ்சமென’ என்பதை ‘விடமென’ என்று மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள். பொருள் அதேதான்; சந்தம் தடுக்குகிறது, கொடியும் நஞ்சும் தனித்தனியாகிவிடுகின்றன. ஒரு சொல்லை மாற்றிக் கேட்பது பத்து விதியை எழுதிப்போடுவதைவிட ஆழமாகப் பதியும்.

வகுப்பறை:
நன்றி. கைதட்டி அளக்கச் சொன்னால் எழுத்துக்கு ஒரு தட்டு தட்டுகிறார்கள். ‘மூங்கில்’ என்பதற்கு நான்கு! எப்படித் திருத்துவது?

அசைசீர்:
ஒற்றும் (புள்ளி வைத்த மெய்யெழுத்தும்) கணக்கில் சேர்ந்துவிடுகிறது, அதுதான் காரணம். சீருக்கு ஒரு தட்டு, அடிக்கு நான்கு என்று வையுங்கள். சீருக்குள் இருக்கும் அசையை வாய் சொல்லட்டும்: நேர் என்னும் ஓரெழுத்து அசைக்குத் ‘தா’, நிரை என்னும் ஈரெழுத்து அசைக்குத் ‘தன’ (ஒற்றை எண்ண வேண்டாம்). ‘காட்டு வழியில்’ என்பது தாதா தனதா. ‘முனகிய’ தனதன. ‘மூங்கில்’ இரண்டே அசை, தாதா.

முதல் வாரம் மெட்டுப் போட்டுப் பாட விடாதீர்கள். பாட்டில் குறைகிற சீரை இழுத்து நிரப்பிவிடலாம், பிழை மறைந்துபோகும். பேச்சுக் குரலில் படித்து, தடுக்குகிற இடத்தில் பென்சிலால் கோடு போடட்டும். எழுதிய பிள்ளையே படிக்கக் கூடாது. மனத்தில் இருக்கும் ஓசையைத் தாளில் ஏற்றிப் படித்துவிடும். பக்கத்தில் இருக்கும் பிள்ளை முதன்முறையாகப் பார்த்துப் படிக்கட்டும்.