கருப்பொருள் அலகுகள் வழியாக வாசிப்பும் எழுத்தும்: நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு

கேள்வி:
ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம். ஒரே கருப்பொருளைச் சுற்றிச் சில வாரங்களுக்கு மொழிப்பாடத்தை ஓர் அலகாக அமைக்க விரும்புகிறேன். ‘நீர்’ என்று தலைப்பிட்டுக் கதை, பாடல், ஓவியம் ஆகியவற்றைச் சேர்த்தால் செயல்பாடுகள் பெருகுகின்றனவே தவிர, வாசிப்புத் திறன் எந்த இடத்தில் வளரும் என்பது புலப்படவில்லை. வகுப்பில் சிலர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். அவர்களை இதில் எப்படி இணைப்பது?

மறுமொழி 1:
தலைப்பைக் கேள்வியாக மாற்றிப் பாருங்கள். ‘பெய்த மழை எங்கே போகிறது?’ என்று கேட்டால், எந்தப் பனுவல் (கதை, கட்டுரை போன்ற வாசிப்புப் பகுதி) வேண்டும், எது வேண்டாம் என்பதை அந்தக் கேள்வியே தீர்மானித்துவிடும். ரெக்ட், லெஸ்லி ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பேஸ்பால் விளையாட்டை நன்கு அறிந்திருந்த, ஆனால் வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள், அவ்விளையாட்டைப் பற்றிய பகுதியை, அதை அறியாத திறமையான வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பொருளறிவு வாசிப்புக்கு அவ்வளவு துணைசெய்கிறது. ஆகவே பனுவல்களை ஒன்றையொன்று தொட்டுச் செல்லும்படி அடுக்குங்கள். ‘ஆவியாதல்’ என்ற சொல்லை முதல் கட்டுரையில் விளக்கத்தோடு படிக்கும் மாணவர், இரண்டாவதில் அதை விளக்கமின்றிச் சந்தித்து, மூன்றாவதைப் படித்தபின் தம் பத்தியில் தாமே எழுதும்போதுதான் அது அவருடைய சொல்லாகிறது. இந்த வரிசைக்கு உதவாத ஓவியத்தையும் ஒட்டுவேலையையும் தயங்காமல் விட்டுவிடலாம்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் எழுத்துக்கூட்டும் மாணவர்களுக்குக் கருப்பொருள் மட்டும் போதாது. காஃப், டன்மர் ஆகிய ஆய்வாளர்கள் 1986இல் முன்வைத்த கருத்தின்படி, வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கிக் கிடைப்பது. இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியமே. எனவே அவர்களுக்கு நாள்தோறும் சிறிது நேரம் தனிப்பயிற்சி அவசியம். அதற்காகக் கலந்துரையாடல் நேரத்தில் அவர்களை வெளியே அழைத்துச் செல்லாதீர்கள். நீங்கள் உரக்க வாசித்துக் காட்டினால், அவர்களும் அதே கேள்வியைப் பற்றிச் சிந்தித்துப் பேச முடியும். பல சமயம் மிகக் கூர்மையான கருத்து அவர்களிடமிருந்தே வரும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எழுத்துப் பயிற்சியை அலகின் இறுதியில் வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 3:
இறுதிவரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு பனுவலுக்குப் பிறகும், அலகின் கேள்விக்கு அன்றைய விடையைச் சில வரிகளில் எழுதச் செய்து, முந்தைய விடையில் எது மாறியது, எந்த வரியைப் படித்ததால் மாறியது என்று கேளுங்கள். இந்த இரண்டாவது வினாதான் அவர்களை மீண்டும் பனுவலுக்குத் திருப்பி அனுப்புகிறது. மதிப்பீட்டுக்கு, அதே பொருளில் அவர்கள் முன்பு பார்த்திராத ஒரு பகுதியைக் கொடுத்துத் தனியாக வாசிக்கச் செய்யுங்கள். கற்ற சொற்களும் பொருளறிவும் புதிய இடத்தில் கைகொடுக்கின்றனவா என்பது அதில் தெரிந்துவிடும்.