6 மி.மீ. அக்ரிலிக் உருகி பிட்டில் ஒட்டிக்கொள்கிறது, என்ன செட்டிங் வைக்கலாம்?

கேள்வி:
வணக்கம். பெயர்ப்பலகை எழுத்துகளை 6 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டில் சிஎன்சி ரவுட்டரால் (கணினி காட்டும் வழியில் பிட்டை ஓட்டி வெட்டும் மெஷின்) வெட்டுகிறேன். 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்), 24,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). மரத்துக்கு வாங்கிய 3 மி.மீ. இரண்டு ஃப்ளூட் (இரண்டு வெட்டும் பல்) பிட். ஃபீட் (பிட் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 800 மி.மீ., ஒரு பாஸுக்கு (ஒரு தடவை ஓட்டுவதற்கு) 2 மி.மீ. ஆழம். பாதி எழுத்து முடிவதற்குள் தூள் உருகி பிட்டைச் சுற்றிக் கட்டியாகிவிடுகிறது. வெட்டிய தடமும் பின்னாலேயே ஒட்டிக்கொள்கிறது. பயந்துபோய் ஃபீடை 400 ஆக்கினேன், இன்னும் மோசம். இரண்டு பிட் ஒடிந்துவிட்டன. நாளை மறுநாள் வேலையைக் கொடுத்தாக வேண்டும்.

பதில் 1:
தம்பி, ஃபீடைக் குறைத்ததுதான் தப்பு. கணக்கைப் பாருங்கள்: 800-ஐ 24,000 × 2-ஆல் வகுத்தால் 0.017 மி.மீ. ஒரு பல் ஒரு சுற்றில் எடுப்பது அவ்வளவுதான். அது வெட்டவில்லை, தேய்க்கிறது. அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகிவிடும். சிப் (வெட்டுப்பட்டு வரும் துணுக்கு) கொஞ்சம் தடிமனாக வந்தால்தான் சூட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போகும்.

சிங்கிள் ஃப்ளூட், அப்கட் (சிப்பை மேலே தூக்கி வெளியேற்றும்) கார்பைடு பிட் வாங்குங்கள். டவுன்கட் வேண்டாம், சிப்பைத் தடத்துக்குள்ளேயே திணிக்கும். 18,000 ஆர்பிஎம், ஃபீட் 1,800, பாஸுக்கு 1.5 மி.மீ. அதில் சிப் 0.1 மி.மீ. வரும். நேராகக் குத்தி இறக்காமல் சரிவாக இறக்குங்கள். கம்ப்ரசர் காற்று பிட்டின் மேலேயே அடிக்கட்டும். அப்புறம், ஷீட் காஸ்ட்டா (அச்சில் ஊற்றி வார்த்தது) எக்ஸ்ட்ரூடட்டா (உருக்கிப் பிதுக்கி எடுத்தது)?

பதில் 2:
உருகினால் பிட்டின் மேல் கொஞ்சம் ஸ்பிரிட்டோ தின்னரோ விட்டுப் பாருங்களேன், உடனே ஆறிவிடும்.

பதில் 1:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெட்டிய ஓரத்தில் இறுக்கம் தேங்கியிருக்கும். ஸ்பிரிட், தின்னர் பட்டால் மயிரிழை விரிசல் ஓடும். சில சமயம் பலகை மாட்டிய பிறகுதான் தெரியும். எரியக்கூடிய திரவத்தைச் சுழலும் ஸ்பிண்டில் பக்கம் கொண்டுபோவதே ஆபத்து. காற்று போதும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. கடையில் கேட்டேன், எக்ஸ்ட்ரூடட்தானாம். சிங்கிள் ஃப்ளூட் போட்டு நீங்கள் சொன்னபடி ஓட்டினேன். நேர்கோடுகள் அருமையாக வந்தன, உதிரி உதிரியாகச் சிப் பறக்கிறது. ஆனால் ‘ணி’யின் சுழிகளில் மட்டும் இன்னும் உருகுகிறது.

பதில் 3:
அது ஃபீட் பிரச்சினைதான், திரையில் தெரியாது. சின்னச் சுழியில் மெஷின் 1,800-ஐ எட்டுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். உண்மையில் 600, 700-இல்தான் போய்க்கொண்டிருக்கும், ஸ்பிண்டில் மட்டும் 18,000-இல் சுற்றும். சுழிகள் நிறைந்த எழுத்துக்கு ஆர்பிஎம்மைக் குறையுங்கள். 400 ஹெர்ட்ஸில் 24,000 சுற்றும் ஸ்பிண்டில் என்றால், விஎஃப்டியில் (ஸ்பிண்டில் வேகத்தை மாற்றும் கருவி) 250 ஹெர்ட்ஸ் வைத்தால் 15,000. அதற்கும் ரொம்பக் கீழே போகாதீர்கள், ஸ்பிண்டிலின் பவர் குறைந்துவிடும்.

ஆங்கில எழுத்துக்குச் சரியாக ஓடும் செட்டிங் தமிழ் எழுத்துக்கு ஓடாமல் போவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். கற்றுக்கொள்கிறவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை.

பதில் 1:
சரியாகச் சொன்னீர்கள். தம்பி, அடுத்த முறை காஸ்ட் ஷீட் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் சிப் உடைந்து உதிரும், பிசின் மாதிரி இழுக்காது. மேலே பிளாஸ்டிக் படலம் இருந்தால் வெட்டும் பக்கம் உரித்துவிடுங்கள், அதுவும் பிட்டில் சுற்றும். காகித உறை இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
15,000 வைத்தேன், ‘ணி’ சுத்தமாக வந்துவிட்டது. ஓரம் மட்டும் லேசாக வரி வரியாக இருக்கிறது. கேஸ் பர்னர் தீயால் பளபளப்பாக்கிவிட்டு குளோரோஃபார்ம் போட்டு ஒட்டலாமா?

பதில் 3:
ஒட்டப்போகும் ஓரத்தில் தீ காட்டாதீர்கள். அதன் மேல் குளோரோஃபார்ம் பட்டால் அதே விரிசல்தான். சுற்றிலும் 0.2 மி.மீ. விட்டு வெட்டி, கடைசியாக முழு ஆழத்துக்கும் ஒரே பாஸில் அதைச் சீவி எடுங்கள். வரி பெரும்பாலும் போய்விடும்.